சுட்ட பிறகு ஹேமர் ஏன் திரும்பி வரவில்லை?

டிரிகரை இழுத்தால் ஒரு குண்டு போகிறது. மறுபடி இழுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து மாட்டினால் இன்னொரு குண்டு போகிறது, பிறகு அதே கதை. சில மார்க்கர்கள், அதாவது பெயிண்ட்பால் துப்பாக்கிகள், இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். ஒருமுறை இழுத்ததற்குத் தானாகவே தடதடவென்று நாலைந்து முறை அடிக்கும். அதில் முதல் குண்டு மட்டும் ஒழுங்காகப் போகும், மற்றவை பத்தடியில் விழும்.

இந்தியானாவில் அக்டோபர் பிறந்து காலைக் குளிர் தொடங்கியதும், பெயிண்ட்பால் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து எனக்கு வரும் புகார் பெரும்பாலும் இதுதான். போன வாரம் நண்பரின் மகன் வந்திருந்தான். "அங்கிள், சம்மர்ல நல்லா இருந்துச்சு. இப்போ ஒரு ஷாட் போனா நின்னுடுது. அப்பா புதுசு வாங்கிக்கலாம்னு சொல்றாரு." அவன் கையில் இருந்தது டிப்மன் 98 கஸ்டம். பழையது, யாரிடமோ வாங்கியது. "புதுசெல்லாம் வேண்டாம்பா, இதையே பார்க்கலாம் வா" என்றேன். அதைச் சரிசெய்தபோது அவனுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் இந்த மார்க்கரைத் தூக்கிப் போடுகிற ஒவ்வொருவரையும் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. இவ்வளவு எளிமையாக, இவ்வளவு நேர்மையாகச் செய்யப்பட்ட இயந்திரங்கள் விளையாட்டுச் சாமான்களில் அதிகம் இல்லை.

டிப்மன் நிறுவனம் நான் இருக்கும் இதே மாநிலத்தில், ஃபோர்ட் வேய்ன் நகரத்தில் 1986இல் தொடங்கியது. பெயருக்கு ஏற்றபடி 98 மாடல் 1998இல் வந்தது. அலுமினியத்தில் வார்த்த இரண்டு பாதிகள், நடுவே சில உருளைகள், ஸ்பிரிங்குகள், கொஞ்சம் ரப்பர். அவ்வளவுதான். பேட்டரி இல்லை, சர்க்யூட் போர்டு இல்லை. வாடகைக்கு மார்க்கர் தரும் மைதானங்கள் இதை விரும்பி வாங்கியதற்குக் காரணம், எவ்வளவு முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும் என்பதுதான்.

தானாக மாட்டிக்கொள்ளும் வசதி ஆரம்பத்தில் இல்லை. 1981 ஜூன் மாதம் நியூ ஹாம்ப்ஷயரின் ஹென்னிக்கர் என்ற ஊரில் பன்னிரண்டு பேர் முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தை ஆடியபோது, அவர்கள் கையில் இருந்தவை மரங்களுக்கும் மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே பெயிண்ட் அடையாளம் போடச் செய்யப்பட்ட நெல்-ஸ்பாட் 007 துப்பாக்கிகள். அதில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து மாட்ட வேண்டும். கையால் மாட்டுவது போய், கேஸே அந்த வேலையைச் செய்யத் தொடங்கியபோதுதான் 'மாட்டிக்கொள்ளவில்லை' என்ற பிரச்சினையும் பிறந்தது. ஆகவே அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்க்ரூவைத் தொடக்கூடாது.

உள்ளே இரண்டு போல்ட்கள் இருக்கின்றன. முன் போல்ட் குண்டைப் பேரலுக்குள் தள்ளுவது. பின் போல்ட்டைத்தான் எல்லோரும் ஹேமர் என்கிறோம். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது, ஆகவே ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். இரண்டுக்கும் நடுவே வால்வு. ஹேமருக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளக் காத்திருக்கிறது. கீழே சியர் என்ற சிறிய கொக்கி ஹேமரைப் பிடித்து வைத்திருக்கிறது. டிரிகரை இழுத்தால் சியர் விடும், ஹேமர் ஸ்பிரிங்கின் வேகத்தில் பாய்ந்து வால்வின் ஊசியை அடிக்கும், வால்வு ஒரு கணம் திறக்கும். அந்தக் கணத்தில் வெளிவரும் கேஸ் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி முன்னே போய்க் குண்டைத் தள்ளுகிறது. மறுபகுதி பின்னே வந்து ஹேமரை ஸ்பிரிங்குக்கு எதிராக உதைக்கிறது. அந்த உதை போதுமானதாக இருந்தால் ஹேமர் முழுதாகப் பின்னுக்குப் போய்ச் சியரில் மாட்டிக்கொள்ளும். அடுத்த குண்டு மேலேயிருந்து விழுந்து இடம்பிடிக்கும்.

அந்தப் பின்னுதைதான் எல்லாமே. அது முழுதாக இல்லாவிட்டால் ஹேமர் பாதி வழி போய், சியரைத் தொடாமல் திரும்பி முன்னே பாயும். மறுபடி வால்வை அடிக்கும், இன்னும் பலவீனமான ஓர் உதை கிடைக்கும். அதுதான் அந்தத் தடதட சத்தம். உதை அதைவிடவும் குறைந்தால் ஹேமர் முன்னாலேயே படுத்துவிடும். பார்க்க இரண்டு வேறு நோய்கள் போல இருந்தாலும் பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு நிலைகள்தான். உதையைப் பலவீனமாக்குவது எது, உதையை எதிர்ப்பது எது, வந்த ஹேமரைப் பிடிக்காமல் விடுவது எது என்று இந்த வரிசையில் யோசித்தால் போதும். உதிரி பாகம் வாங்குவது கடைசி வேலை.

கருவியைத் திறக்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது. அதை நான் எப்போதும் முதலில் செய்வேன். கண்ணாடி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குண்டுகள் இருக்கும் ஹாப்பரைக் கழற்றுங்கள். பிறகு கேஸ் டேங்க்கைக் கழற்றி, பாதுகாப்பான திசையில் சுட்டு உள்ளே தங்கிய கேஸை வெளியேற்றுங்கள். டேங்க்கைச் சுழற்றும்போது, டேங்க்கோடு அதன் கழுத்தில் உள்ள வால்வும் சேர்ந்து சுழல்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். டேங்க் மட்டும் சுழன்று வால்வு மார்க்கரிலேயே நின்றால் உடனே நிறுத்துங்கள். சிலிண்டர் வால்விலிருந்து கழன்று ராக்கெட் வேகத்தில் பறந்து உயிர்கள் போன விபத்துகள் இங்கே அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. வால்வுக்கும் சிலிண்டருக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்தால், கோடு விலகியதும் தெரிந்துவிடும். அந்தப் பையனின் டேங்க்கில் முதலில் நாங்கள் செய்த வேலை அந்தக் கோடு போட்டதுதான்.

இப்போது கேஸ் இல்லாமல் கைப்பிடியைப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் சியரில் மாட்டி நிற்கிறதா? உள்ளங்கையால் பக்கவாட்டில் தட்டினாலும் நிற்கிறதா? நின்றால் சியரும் டிரிகரும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன, பழி கேஸ் பக்கம். நிற்காமல் நழுவினால், எவ்வளவு நல்ல கேஸ் கொடுத்தும் பயனில்லை, கொக்கி பக்கம் போக வேண்டும். இழுக்கும்போதே கையில் ஒரு கரகரப்பு தெரிந்தால் உள்ளே அழுக்கோ உடைந்த குண்டின் பிசினோ இருக்கிறது. பையனின் மார்க்கர் மாட்டி நின்றது. ஆனால் இழுக்க அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பலம் தேவைப்பட்டது. அதை மனதில் வைத்துக்கொள் என்று சொன்னேன்.

அடுத்து டேங்க். கோடையில் நன்றாக இருந்தது, குளிரில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் கார்பன் டை ஆக்சைடு டேங்க் வைத்திருக்கிறார் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். டேங்க்குக்குள் இருப்பது திரவம். அதற்கு மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம்தான் நமக்குக் கிடைப்பது. அந்த அழுத்தம் டேங்க்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் சுமார் 830 பி.எஸ்.ஐ. இருக்கும். 10 டிகிரியில் அது 650 அளவுக்கு இறங்கிவிடும். உறைநிலையில் 500தான். 98 போன்ற மார்க்கர்கள் 800ஐ ஒட்டிய அழுத்தத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. இந்தியானாவின் அக்டோபர் காலை அந்தக் கணக்கை உடைத்துவிடுகிறது.

அதோடு முடிவதில்லை. வேகமாகச் சுடச்சுடத் திரவம் ஆவியாகிறது, ஆவியாவதற்கான வெப்பத்தை டேங்க்கிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. டேங்க்கைத் தொட்டால் சில்லென்று இருக்கும், வெளியே பனி பூக்கும். முதல் சில குண்டுகள் நன்றாகப் போய்ப் பிறகு தடதடக்கிறது, ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி நன்றாகப் போகிறது என்றால் இதுதான் காரணம். டேங்க்கை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் காப்பாற்றலாம். அடுப்பிலோ ஹீட்டர் மேலோ காரின் டாஷ்போர்டிலோ வைத்துச் சூடேற்றுவது ஒருபோதும் கூடாது. மார்க்கரை மூக்கு மேலே பார்க்கப் பிடித்தால் திரவமே வால்வுக்குள் வராமல் கொஞ்சம் தடுக்கலாம். திரவம் உள்ளே போனால் பேரலிலிருந்து வெண்பனி பறக்கும், வேகம் கண்டபடி ஏறி இறங்கும், ஓ-ரிங்குகள் என்ற ரப்பர் வளையங்கள் உறைந்து விறைத்துப் போகும்.

டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அழுத்தமானியை நம்பாதீர்கள். திரவம் ஒரு துளி இருக்கும்வரை முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். சமையலறைத் தராசில் எடை போடுங்கள். 20 அவுன்ஸ் டேங்க் என்றால் நிரம்பியிருக்கும்போது காலி எடையைவிடச் சுமார் 567 கிராம் கூடுதலாக இருக்க வேண்டும்.

உயரழுத்தக் காற்று டேங்க்குக்கு மாறினால் குளிர்ப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். அதில் 3000 அல்லது 4500 பி.எஸ்.ஐ.யில் காற்றை அடைத்து, ஒரு ரெகுலேட்டர் வழியாக நிலையான அழுத்தத்தில் வெளியே விடுகிறார்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. எல்லா டேங்க்கும் ஒரே அழுத்தத்தில் வெளியே விடுவதில்லை. சிலவற்றில் வெளியீடு சுமார் 800 முதல் 850 வரை இருக்கும், சிலவற்றில் 450 அளவுதான். எலக்ட்ரானிக் மார்க்கர்களுக்குக் குறைந்த வெளியீடு போதும். அதையே 98இல் மாட்டினால் டேங்க் நிரம்பியிருந்தும் ஹேமர் பாதி வழியில் திரும்பிவிடும். புதிய டேங்க் வாங்கிய அன்றே மார்க்கர் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், மார்க்கரை விட்டுவிட்டு அந்த டேங்க்கின் வெளியீட்டை விசாரியுங்கள். டேங்க் முழுதாகத் திருகப்படாமல், உள்ளே இருக்கும் ஊசி சரியாக அழுத்தப்படாமல் இருந்தாலும் கேஸ் மூச்சுத் திணறியபடிதான் வரும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பையனின் டேங்க்கை அறைக்குள் வைத்துப் பழைய வெப்பத்துக்குக் கொண்டுவந்து சோதித்தோம். முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் இன்னும் நாலில் ஒன்று மாட்டவில்லை. ஆக, குளிர் மட்டும் காரணம் இல்லை. கோடையில் இருந்த தாராளமான அழுத்தம் வேறொரு பலவீனத்தை மறைத்து வைத்திருந்தது. இது அடிக்கடி நடப்பது. குளிர் நோயை உண்டாக்குவதைவிட, இருக்கும் நோயைக் காட்டிக்கொடுப்பதே அதிகம்.

எண்ணெய்க்குப் போனோம். டேங்க் மாட்டும் வாயில் பெயிண்ட்பால் மார்க்கருக்கென்றே விற்கும் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு, டேங்க்கை மாட்டி, குண்டில்லாமல் கொஞ்சம் சுட்டால் கேஸே அதை உள்ளே எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். டேங்க் மாட்டும் முன் ஹேமரைப் பின்னுக்கு இழுத்து மாட்டி, சேஃப்டியைப் போட்டுவிடுங்கள். முன்னால் கிடக்கும் ஹேமர் வால்வு ஊசியை அழுத்திக்கொண்டிருந்தால் கேஸ் பேரல் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வால்வு கெட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

வீட்டில் இருக்கிறதே என்று கதவுக்கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்க வேண்டாம். அந்த வகை ஸ்ப்ரேக்களில் உள்ள கரைப்பான் ஓ-ரிங்குகளை வீங்கவோ சிதையவோ வைத்துவிடும். வீங்கிய ஓ-ரிங் உராய்வைக் கூட்டும், ஹேமர் இன்னும் தயங்கும். அடித்த முதல் நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றுவதால் இந்தப் பழக்கம் ஓயவே மாட்டேன் என்கிறது.

எண்ணெய் விட்டதும் இன்னும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அது எனக்கு ஒரு துப்பு. ஹேமரின் மூக்கில் ஓர் ஓ-ரிங் இருக்கிறது. பின்னே வரும் கேஸ் பக்கவாட்டில் கசியாமல் ஹேமரை மட்டுமே தள்ளும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கினால் எவ்வளவு அடித்தாலும் டியூபுக்குக் காற்று போகாது, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும் அல்லவா, அதே விஷயம்தான் இதுவும். எண்ணெய்க்குக் குணமாவது போலக் காட்டும் மார்க்கரில் அந்த ஓ-ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே திறந்தோம். ஆலன் கீயால் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மார்க்கரைப் பக்கவாட்டில் மேசை மேல் படுக்கவைத்து, மேல்பாதியை நேராக, மெதுவாகத் தூக்க வேண்டும். எல்லாம் அதனதன் இடத்திலேயே கீழ்ப்பாதியில் கிடக்கும். எதையும் தொடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துள்ளிப் போய்விடும், ஆகையால் கண்ணாடி கண்ணிலேயே இருக்கட்டும். கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்தால் விழுந்த சின்னச் சாமான்கள் தொலையாது.

ஓ-ரிங் நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, விளிம்பில் ஒரு சிறிய வெட்டு. இதை மாற்ற ஆகும் செலவு ஒரு காபியின் விலைகூட வராது. புதியதை மாட்டும் முன் லேசாக எண்ணெய் தடவுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த கொஞ்சம் தடித்த ஓ-ரிங்கைத் திணித்தால் கசிவு நிற்கும், ஆனால் உராய்வில் ஹேமரே நின்றுவிடும்.

பேரல் பக்கம் உடைந்த குண்டின் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. குண்டின் ஓடு ஜெலட்டின், உள்ளே இருப்பதும் தண்ணீரில் கரைவதுதான். ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்தினால் போதும். கெரசின், தின்னர் எதுவும் வேண்டாம்.

பிறகுதான் ஹேமருக்குப் பின்னால் இருக்கும் அந்த ஸ்பிரிங். இழுக்கும்போது கை உணர்ந்த கனம் இதிலிருந்துதான் வந்தது. கம்பெனி ஸ்பிரிங் அல்ல, அதைவிடத் தடித்த கம்பி. முன்பு வைத்திருந்தவர் ஸ்பிரிங் செட் வாங்கி, கடினமானதைப் போட்டிருக்கிறார். ஹேமர் பலமாக அடித்தால் வால்வு அதிகம் திறக்கும், குண்டு வேகமாகப் போகும் என்ற எண்ணம். கோடையில் முழு அழுத்தம் இருந்தபோது அது ஓடியது. ஆனால் திரும்பி வரும் ஹேமர் அதே ஸ்பிரிங்கைத்தான் அமுக்க வேண்டும். அழுத்தம் குறைந்து, ஓ-ரிங்கும் கசிந்தபோது உதைக்கு அந்தப் பலம் இல்லை. பழைய மார்க்கர் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் என் வேண்டுகோள் இது: திறந்ததும் கம்பெனி ஸ்பிரிங் தானா என்று முதலில் பாருங்கள். வேகத்துக்காக ஸ்பிரிங்கை மாற்றுவது, என்னைக் கேட்டால், தேவையே இல்லாத வேலை.

ஸ்பைடர் போன்ற மார்க்கர்களில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதே பின்னால் இருக்கும் திருகால் ஸ்பிரிங்கை இறுக்கியும் தளர்த்தியும்தான். அங்கே ரொம்பத் தளர்த்தினாலும் கோளாறு வரும். ஹேமர் வலுவில்லாமல் தட்டும், வால்வு சரியாகத் திறக்காது, உதை கிடைக்காது. ரொம்ப இறுக்கினால் நம் பையனுக்கு நேர்ந்ததுதான். 98இல் வேகத் திருகு கேஸ் போகும் பாதையில் இருக்கிறது, ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை.

சியர் பற்றி. கையால் இழுத்தபோது ஹேமர் நழுவியிருந்தால் சியரின் முனையையும், அது பிடிக்கும் ஹேமரின் விளிம்பையும் வெளிச்சத்தில் பார்த்திருப்பேன். கூராக இருக்க வேண்டிய விளிம்பு மழுங்கி வட்டமாகியிருக்கும். சியரைத் தூக்கி நிறுத்தும் சிறு ஸ்பிரிங் இடம் மாறியிருந்தாலும் இப்படி ஆகும். சிலர் மழுங்கிய முனையை அரத்தால் ராவிக் கூராக்குகிறார்கள். வேண்டாம். கோணம் சற்றே மாறினாலும், தட்டினால் சுடும் மார்க்கர் ஆகிவிடும், அதைக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோவது ஆபத்து. சியரை மாற்றுங்கள். தேய்ந்த ஹேமரையும் சேர்த்தே மாற்றுங்கள். தானாகவே தொடர்ந்து சுடும் மார்க்கர் எந்தக் காரணத்தால் அப்படிச் சுட்டாலும், அதைச் சரிசெய்யும்வரை களத்துக்குள் எடுத்துப் போகக்கூடாது. டிரிகரை விட்ட பிறகும் சுடும் கருவி யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை.

எலக்ட்ரானிக் மார்க்கர்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. அங்கே போல்ட்டின் நகர்வைக் கட்டுப்படுத்துவது மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு. பேட்டரி தளர்ந்தாலே சுழற்சி தடுமாறும், ஆகவே புதிய பேட்டரி போடுவதுதான் முதல் வேலை. கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்துவிட்டுச் சுட்டால் முதல் குண்டு மட்டும் வேகம் குறைந்து போகிறது என்றால், போல்ட்டின் ஓ-ரிங்குகள் காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. அங்கே எண்ணெய்க்குப் பதில் அந்தக் கம்பெனி சொல்லும் கிரீஸ் தேவைப்படும்.

கம்பெனி அளவு ஸ்பிரிங், புதிய ஓ-ரிங், சுத்தமான உடல், இதமான டேங்க். மூடி, மாட்டி, பையனையே சுடச் சொன்னேன். ஒவ்வொரு இழுப்புக்கும் ஹேமர் திடமாகப் பின்னே வந்து மாட்டியது. அந்தச் சத்தம் காதுக்குப் பழகிவிட்டால், அடுத்த முறை கோளாறு தொடங்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்கையோ வால்வையோ ஓ-ரிங்கையோ தொட்ட மார்க்கரின் வேகம் முன்பிருந்த வேகம் அல்ல. களத்தில் இறங்கும் முன் குரோனோகிராஃபில் அளந்துவிடுங்கள். விநாடிக்கு 300 அடிக்கு மேல் எங்கும் விடமாட்டார்கள், 280க்கு மேல் விடாத மைதானங்களும் உண்டு. டேங்க் குளிர்ந்திருந்த காலையில் அளந்து திருகை ஏற்றிவிட்டு, வெயில் ஏறிய மதியத்தில் அப்படியே ஆடாதீர்கள். அழுத்தம் ஏறும்போது வேகமும் ஏறும், மதியம் மறுபடி அளக்க வேண்டும். அளக்கிற இடத்திலும், வீட்டு கராஜில் சோதிக்கும்போதும், பக்கத்தில் நிற்கும் தம்பி தங்கைகள் உட்பட எல்லோர் முகத்திலும் மாஸ்க் இருக்கட்டும்.